எம் புரதம்: ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து

வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் கூடியிருக்கும், ரத்தத்தில் அதிகம் உள்ள புரதமான ஆல்புமின் சரியாக இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் டாக்டர், ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் சோதனையை எழுதித் தருவார். அதன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடது ஓரம் ஆல்புமினின் உயர்ந்த முகடு. வலது ஓரத்தில், நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிற்கும் காமா பகுதி தாழ்ந்த, அகன்ற மேடாக இருக்க வேண்டும். அங்கே ஊசிபோல ஒரு முனை நின்றால் எம் புரதம். நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் ஒரே பிளாஸ்மா செல்லிலிருந்து பெருகிய கூட்டம் ஒரே மாதிரிப் புரதத்தைச் சுரக்கிறது என்று பொருள். சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தால் இது இறங்காது. வீணாக உடம்பைத் தளரவிடாதீர்கள்.

எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குள், எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குள், கால்சியம், சிறுநீரகம், ஹீமோகுளோபின், எலும்பு எதிலும் இதனால் பாதிப்பு இல்லை என்றால் அதன் பெயர் எம்.ஜி.யு.எஸ். (MGUS). இது புற்றுநோய் அல்ல, பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவுக்கு முந்தைய நிலை. ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கே முற்றுகிறது. வயது, ஆணாக இருப்பது, ஆப்பிரிக்க வம்சாவளி, நெருங்கிய ரத்த உறவில் இந்நோய், உடல் பருமன் ஆகியவை இது வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

முற்றும் வாய்ப்பைக் கணிக்க மூன்றைப் பார்ப்பார்கள்: எம் புரதம் 1.5 கிராமோ அதற்கு மேலோ இருப்பது, அது ஐஜிஜி (நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை) அல்லாத வகையாக இருப்பது, ஃப்ரீ லைட் செயின் (அந்தப் புரதத்தின் தனியே உலவும் சிறு துண்டுகள்) விகிதம் 0.26–1.65 எல்லையைத் தாண்டுவது. மூன்றும் இல்லாதவர்களில் 20 ஆண்டில் முற்றுவது 5 சதவீதம். மூன்றும் இருந்தால் 58. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த விகிதம் தானாகவே கொஞ்சம் ஏறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்.

ஆறாவது மாதம் மறுபரிசோதனை. அதன்பின் ஆபத்து குறைந்தவருக்கு 2–3 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவருக்கு ஆண்டுதோறும். இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். லேப் மாறினால் முனையை அளக்கும் விதமும் மாறும், 0.8 என்பது 1.0 ஆகிவிட்டதென்று தூக்கம் போகும். ஒரே லேபில் எடுங்கள், எல்லா எண்களையும் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள்.

மைலோமாவாக மாறாமலே தொல்லை தரவும் கூடும் என்பதைச் சிலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எலும்பு முறிவும் தொற்றும் கொஞ்சம் அதிகம். புரதம் அளவில் குறைவாக இருந்தாலும் சிறுநீரகத்திலோ நரம்பிலோ படியலாம். சிறுநீரில் அடங்காத நுரை, பாதத்தில் மரப்பு, கால் வீக்கம், விடாத முதுகுவலி, காரணமில்லாத எடைக் குறைவு வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு ரத்தநோய் நிபுணரிடம் போய்விடுங்கள்.