பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, ஆனா பூட்டை மாத்திட்டாங்க: நான் வீட்டுக்குள்ள திரும்பப் போன கதை

2023 மே மாசக் கடைசி. பொண்ணுக்கு லீவு விட்டதும் வீட்டுக்காரரோட சண்டை போட்டுக்கிட்டு மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போனவ, ஸ்கூல் திறக்கப் போகுதேன்னு அவளைக் கூட்டிக்கிட்டு மேடவாக்கம் பிளாட்டுக்கு வந்தேன். சாவி உள்ள போகல. வேற சாவியைத்தான் எடுத்துட்டு வந்துட்டேனோன்னு பையெல்லாம் கொட்டிப் பார்த்தேன், அப்புறம்தான் பார்த்தா பூட்டே புதுசு. கீழ இறங்கி வந்தா வாட்ச்மேன் அண்ணா என் முகத்தையே பார்க்காம "சார் விட வேணாம்னு சொல்லிட்டாரும்மா"ன்னாரு. ஏழு வருஷமா தினமும் வணக்கம் சொன்ன மனுஷன், அவரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது. பொண்ணோட யூனிஃபார்ம், புக்ஸ், என்னோட சர்டிபிகேட், நகை எல்லாமே உள்ள. அன்னிக்கு ராத்திரி தாம்பரத்துல சித்தி வீட்டுல போய்ப் படுத்தோம்.

அந்த வீடு 2016ல ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது. பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு, பாதிப் பாதி. லோனும் ரெண்டு பேர் மேல, மாசம் 31,000 ஈஎம்ஐல பாதி என் சம்பளத்துல இருந்துதான் போகுது. அதனால பத்திரத்தைக் காட்டினா போதும், போலீஸே வந்து கதவைத் திறந்து விட்டுடும்னு நினைச்சேன். ஒரிஜினல் பேங்க்ல இருக்கு, அதனால பத்திரப்பதிவு சைட்டுலயே நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் பணம் கட்டி எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

இங்கதான் நான் ரெண்டு வாரத்தைத் தொலைச்சேன், இதுக்காகத்தான் இதை எழுதறேன். பத்திரத்தைப் பார்த்ததும் ஸ்டேஷன்ல சொன்னது ஒரே வார்த்தை, "இது சொத்துத் தகராறும்மா, சிவில் கோர்ட்டுக்குப் போங்க". நான் எவ்வளவுக்கெவ்வளவு பத்திரத்தை நீட்டினேனோ அவ்வளவுக்கவ்வளவு அவங்க கையை விரிச்சாங்க. கெஞ்சிக் கூத்தாடி, புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது ஒண்ணு மட்டும் வாங்கினேன். (அதை விட்டுடாதீங்க, இன்ன தேதில நான் வீட்டுக்கு வந்தேன், உள்ள விடலன்றதுக்கு பின்னாடி அதுதான் சாட்சியா நின்னுச்சு.)

என் தம்பி "அக்கா, உன் வீடு, ஆளைக் கூட்டிட்டு வந்து பூட்டை உடைக்கறேன், யார் கேக்கறாங்கன்னு பாப்போம்"னு துடிச்சான். எனக்கும் ஆசைதான். அதுக்குள்ள ஒரு தோழி சொல்லி, கோர்ட் வளாகத்துலயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குப் போனேன். அங்க பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க, வேலைக்குப் போறவங்களுக்கும் உண்டு, இது எனக்கு 38 வயசு வரைக்கும் தெரியாது. எனக்குக் கிடைச்ச வக்கீல் மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு முதல்ல சொன்னது, பூட்டுல கை வைக்காதீங்க. சொந்த வீட்டுக்குள்ள போறது அத்துமீறல் இல்லதான், ஆனா நாளைக்கே உள்ள இருந்த பணத்தைக் காணோம்னு அவரு ஒரு கம்ப்ளைண்ட் குடுத்தா நீங்களும் தம்பியும் அதுக்கு அலையணும்னாங்க. ரெண்டாவது சொன்னதுதான் முக்கியம், "பத்திரத்தைக் கொஞ்ச நாள் உள்ள வைங்க. நீங்க ஓனரா கேக்கப் போறதில்ல, அந்த வீட்டுல குடும்பம் நடத்தின மனைவியா கேக்கப் போறீங்க".

அதாவது 2005ம் வருஷத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிச்சாத்தான் அந்தச் சட்டம்னு நான் நினைச்சுட்டு இருந்தேன், அவரு என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல, அதனால அந்தப் பேச்சே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஆனா அதுல பொருளாதார வன்முறைன்னு ஒண்ணு இருக்கு, சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள்ள வர விடாம தடுக்கறதும் அதுல எழுத்துலயே இருக்கு. பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, வீட்டுல அவளுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாட்டியும் அங்க குடியிருக்கற உரிமை உண்டு, சட்டப்படி இல்லாம வெளிய தள்ளக் கூடாது. பிரிவு 19ல மாஜிஸ்ட்ரேட் குடியிருப்பு உத்தரவு போடலாம், வீட்டை விக்காம அடமானம் வைக்காம தடுக்கலாம், உள்ள போக உதவி பண்ணச் சொல்லி ஸ்டேஷனுக்கே உத்தரவு போடலாம். ஸ்டேஷன்ல கையை விரிச்சவங்களே உத்தரவோட வந்து நிக்கணும்னா இதுதான் வழின்னு அப்பதான் புரிஞ்சுது.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒரு மேடம் இருப்பாங்க, அவங்ககிட்ட போனா வீட்டுல நமக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டு குடும்ப நிகழ்வு அறிக்கைன்னு ஒண்ணு எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. வக்கீல் மூலமா நேரடியாவும் மனு போடலாம், அந்த அறிக்கை இல்லாமயே கோர்ட் உத்தரவு போடலாம்னு 2022ல பிரபா தியாகி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. எனக்கு அறிக்கையும் இருந்துச்சு. எங்க போறதுன்னே தெரியாதவங்க 181க்கு போன் பண்ணுங்க, அவங்களே வழி சொல்வாங்க.

ஆதாரத்துக்கு என்ன வைக்கறதுன்னு யோசிச்சப்போ நானே எதிர்பார்க்காத ஒண்ணு உதவிச்சு. கேஸ் கனெக்‌ஷன் என் பேர்ல. ஜூன் மாசம் நான் சித்தி வீட்டுல உக்காந்திருக்கேன், அவரு சிலிண்டர் புக் பண்ணிருக்காரு, டெலிவரி கோடு என் போனுக்கு வருது. கொஞ்ச நேரத்துல டெலிவரி தம்பியே போன் பண்ணி "அக்கா, கோடு சொல்லுங்க"ன்றான். அன்னிக்கு நான் அழுத அழுகை இருக்கே. கோடு சொன்னேன், அந்த மெசேஜையும் பத்திரமா வச்சேன். அது, ரேஷன் கார்டு, ஆதார் அட்ரஸ், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் ரசீது, ஈஎம்ஐ போன பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாத்தையும் சேர்த்து அந்த வீட்டுல ஏழு வருஷமா குடியிருந்தவ நான்தான்னு காட்டினோம். ஈஎம்ஐயைக் கோபத்துல நிறுத்திடாதீங்க, லோன் ரெண்டு பேர் மேலயும் முழுசா இருக்கு, யார் கட்டாம விட்டாலும் ரெண்டு பேரோட சிபிலும் அடி வாங்கும்.

முதல் விசாரணை 3 நாளுக்குள்ள வைக்கணும், மனுவை 60 நாள்ல முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்துல இருக்கு. நடந்தது என்னன்னா வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. நோட்டீஸ் சேரலன்னு ஒரு தடவை, அவங்க வக்கீல் வரலன்னு ஒரு தடவை. கடைசியா வந்தப்போ அவங்க வாதம், இவ தானா போனவ, இவளுக்கு மதுரைல அம்மா வீடு இருக்கு. எங்க மேடம் எழுந்து, வெளிய போனதால குடியிருக்கற உரிமை போயிடாது, அம்மா வீடு இவங்க வீடாகாதுன்னு சொல்லி அதே பிரபா தியாகி தீர்ப்பைக் காட்டினாங்க. ஆகஸ்ட்ல இடைக்கால உத்தரவு வந்துச்சு, சாவி ஒண்ணு குடுக்கணும், தடுக்கக் கூடாது, வீட்டை விக்கக் கூடாது, ஸ்டேஷன் உதவணும்.

உத்தரவு வந்தும் சாவி வரல. நாலு நாள் பார்த்தேன். இந்த உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட ஆகலாம்னு மேடம் ஒரு லெட்டர் அனுப்பினாங்க. அப்புறம் உத்தரவு நகலோட ஸ்டேஷனுக்குப் போனேன், ஒரு லேடி கான்ஸ்டபிளும் பாதுகாப்பு அலுவலரும் கூட வந்தாங்க. பெல் அடிச்சதும் அவரே கதவைத் திறந்தாரு, ஒண்ணும் பேசல. நான் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே போன்ல வீடியோ ஆன் பண்ணி ஒவ்வொரு ரூமா எடுத்தேன், எது இருக்கு எது இல்லன்னு அங்கேயே எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டோம். பொண்ணு அவ ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டா, நான் கூப்பிடல.

அண்ணன்மாருங்க யாராவது இதே நிலைமைல இருந்தா, இந்தச் சட்டம் ஆம்பளைங்களுக்கு இல்ல. ஆனா பத்திரத்துல பேர் இருந்தா நீங்களும் முழு வீட்டுக்கும் பாத்தியப்பட்டவர்தான், கணவன் மனைவிக்குள்ள சொத்து வழக்குன்னா குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகணும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 6ல அங்க குடியிருந்ததை மட்டும் வச்சு வீட்டைத் திரும்பக் கேக்கலாம்னும் உண்டு, அதுக்கு வெளிய தள்ளின நாள்ல இருந்து 6 மாசம்தான் கெடு. பேசித் தீரும்னு அதைத் தாண்ட விட்டுடாதீங்க, உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.

இப்ப என்ன நிலைமைன்னா, அவரு கொஞ்ச நாள்ல தானாவே அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு. அவரு போன மறுநாளே பூட்டை மாத்திடலாம்னு நான் ஆளைக் கூட கூப்பிட்டுட்டேன். வக்கீல் மேடம்கிட்ட சொன்னா ஒரே அதட்டு, அவரை வெளிய இருக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்ல, அவரும் பாதி ஓனர், உங்களுக்கு அவரு செஞ்சதையே நீங்க செஞ்சா நம்ம கேஸு என்னாகும்னாங்க. ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன்.

சமரச மையத்துல பேச்சு போயிட்டிருக்கு, அவரு பங்கை நான் வாங்கிக்கறதா. அவரு பங்கை எனக்கு விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் எழுதறதா இருந்தா விவாகரத்து தீர்ப்புக்கு முன்னாடியே எழுதிடுங்க, குடும்ப உறவுக்குள்ளன்னா முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, தீர்ப்பு வந்துட்டா அந்த உறவே இருக்காதுன்னு சொல்லிருக்காங்க. பத்திரம் மாறினா மட்டும் லோன்ல இருந்து அவரு பேர் போயிடாது, அதுக்கு பேங்க் தனியா ஒத்துக்கணும், என் சம்பளம் மட்டும் பத்துமான்னு இப்ப அதைத்தான் பார்த்துட்டிருக்காங்க.

அதுவரைக்கும் சாவி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. ஞாயித்துக்கிழமை பொண்ணைப் பார்க்க வரும்போது அரை மணி நேரம் முன்னாடி மெசேஜ் போடறாரு, வந்தா பெல் அடிக்கறாரு. ராத்திரி மட்டும் நான் உள்தாழ்ப்பாள் போட்டுக்கறேன்.