கம்ப்யூட்டிங் பேப்பருக்குப் படிப்பவர்களுக்கு: முதலில் டிரை ரன், மற்றதெல்லாம் அப்புறம்

ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க்கோடு பாஸ். கணிதத்தைவிட இந்த கம்ப்யூட்டிங் பேப்பருக்குத்தான் அதிகம் பயந்திருந்தேன். நான் மெக்கானிக்கல், கோடிங் பிடித்து இந்தப் படிப்புக்கு வந்தவன் இல்லை. அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. சி, மேட்லேப் படிப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என்னைக் காப்பாற்றியது டிரை ரன். புரோகிராமை ஓட்டுவதற்கு முன் தாளில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு வேரியபிளுக்கும் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஒரு கட்டம், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒரு சுற்று வந்தால் ஒரு வரிசை, அவ்வளவுதான். பலர் இதை மனசுக்குள்ளேயே செய்துவிடலாம் என்று நினைப்பார்கள். மனசு ஏமாற்றும், நாம் எழுத நினைத்ததைப் படிக்குமே தவிர எழுதியதைப் படிக்காது.

நியூட்டன்-ராப்சனை (ஒரு தோராய விடையில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று சரியான விடையை நெருங்கும் முறை) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வர்க்கமூலம் வேண்டும், 1-இல் தொடங்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் புது எக்ஸ் = x − (x² − 2)/(2x). கையால் போட்டால் 1.5, பிறகு 1.4167, பிறகு 1.4142. இப்போது கீழே உள்ள 2x-க்கு அடைப்புக்குறி போடாமல், 2-ஆல் வகுத்து எக்ஸால் பெருக்குகிற மாதிரி எழுதிவிட்டால்? முதல் சுற்றில் அதே 1.5 வரும். எக்ஸ் 1 என்பதால் வகுத்தாலும் பெருக்கினாலும் ஒன்றுதான். இரண்டாவது சுற்றில்தான் 1.3125 என்று குட்டு வெளிப்படும். அதன் பிறகு 1.49, 1.32 என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடிக்கொண்டிருக்கும். எரர் எதுவும் வராது, கம்ப்யூட்டர் வாயே திறக்காது. அதனால் எப்போதும் குறைந்தது இரண்டு வரிசை போடுங்கள், முடிந்தால் மூன்று.

‘அவுட்புட் என்ன’ கேள்விகளுக்கும் இதே அட்டவணைதான். லூப்புக்கு 1 முதல் 5 வரை என்று ரேஞ்ச் (எண்களின் எல்லை) கொடுத்தால் பைத்தான் 4-இலேயே நின்றுவிடும். கூட்டுத்தொகை 15 இல்லை, 10. ஏ என்ற லிஸ்டை (எண்களின் வரிசை) அப்படியே பி-க்குக் கொடுத்துவிட்டு, பி-யில் ஓர் எண்ணை அப்பெண்ட் செய்தால் (கடைசியில் சேர்த்தால்) ஏ-யிலும் அது இருக்கும், ஏனென்றால் இருப்பது ஒரே லிஸ்ட், பெயர்தான் இரண்டு. எந்தத் தேர்விலும் இவற்றில் ஒன்றாவது தலைகாட்டும் என்று நம்புகிறேன்.

கற்பித்த விதம் பற்றிக் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. வகுப்பில் ஸ்லைடில் புரோகிராம் வரும், லேபில் அதையே டைப் செய்வோம், ஓடும், கையெழுத்து வாங்குவோம். ஓடாத புரோகிராமை என்ன செய்வது என்று யாரும் காட்டவில்லை. தேர்வில் நம் முன்னால் இருப்பது ஓடாத புரோகிராம்தானே! ஒரு லேப் உதவியாளர் மட்டும் ரன் பட்டனைத் தொடுவதற்கு முன் “என்ன வரும்னு எழுதிக் காட்டு” என்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வழக்கத்தை மட்டும் உங்கள் லேபுக்குக் கொண்டுபோங்கள். ஏஐ எழுதிக்கொடுத்த புரோகிராமுக்கும் அது செல்லும்.

மற்றவை, வேகமாக:

- பைத்தான் எரரைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன வகைக் கோளாறு என்பது அங்கேதான் இருக்கும். சி-யில் செமிகோலன் விட்டுப்போனால் கம்பைலர் (புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுவது) சில நேரம் அடுத்த வரியைக் காட்டும். மேல் வரியையும் பாருங்கள்.
- சைன் ஃபங்ஷன் கோணத்தை டிகிரியில் இல்லை, ரேடியன் என்ற அலகில்தான் கேட்கும். 30 டிகிரிக்கு 0.5 வராமல் −0.988 வந்தால் காரணம் அதுதான்.
- சி-யில் 5/9 என்றால் பூஜ்யம், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டப்படும். வெப்பநிலை மாற்றும் கணக்கு மொத்தமும் அதில் போய்விடும்.
- சிம்ப்சன் 1/3 விதிக்கு (வளைகோட்டின் கீழ் உள்ள பரப்பைத் தோராயமாகக் காணும் முறை) இடைவெளிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை.
- பைத்தானில் இண்டெக்ஸ் (லிஸ்டில் இட எண்) 0-இலிருந்து, மேட்லேபில் 1-இலிருந்து. இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்காதீர்கள்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. வேகமாக டைப் செய்கிறவன் கையில் கீபோர்டு போய்விடும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். உங்களுக்கு ஒத்துவந்தால் சரி.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஏன் 0.3-க்குச் சமம் இல்லை என்று கேட்டார்கள். பைனரியில் (கம்ப்யூட்டரின் 0, 1 மட்டும் உள்ள எண்முறை) 0.1-ஐ முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாது, அதனால் வித்தியாசம் ஒரு சிறு அளவுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றேன். அதோடு விடாமல் 1991 பேட்ரியட் ஏவுகணை (எதிரி ஏவுகணையை வானிலேயே தடுக்கும் அமெரிக்க அமைப்பு) விவகாரத்தையும் சொன்னேன்: 0.1 நொடியை 24 பிட்டில் (24 பைனரி இலக்கங்களில்) வெட்டி வைத்ததால், சுமார் 100 மணி நேரம் ஓடிய பிறகு கணக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு விலகிப்போனது. வந்த ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 ராணுவத்தினர் இறந்தார்கள். அதன் பிறகு தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான், அதுவும் ஒரு லூப்பின் அவுட்புட். தாள் கேட்டேன், கொடுத்தார்.