உன்னிச்சைக் குளக்கட்டில் பத்து ஞாயிற்றுக்கிழமை

ஜூன் மாதக் கிளினிக்கில் இரத்தத்தில் சீனி 180ஐத் தாண்டிவிட்டது. "நடங்க" என்று ஒரே சொல்லில் முடித்தார் டொக்டர். கிழமை நாளில் மட்டக்களப்பு டவுனில் கல்லடிப் பக்கம் நடக்கிறேன், ஆனால் அது நடையே இல்லை. பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம், நின்று சுகம் விசாரித்து, அவர் மகளின் கலியாணக் கதையும் கேட்டு வர உடம்பில் வேர்வையே இராது. அதனால்தான் மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிச்சைக் குளத்துக்குப் போவம் என்றார். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவுக்கு இதே றோட்டில் சனம் பாதயாத்திரையாக நடக்கிறது. நான் சைக்கிளில் ஏறிப் போய் நடக்கப்போகிறேன் என்பது எனக்கே சிரிப்பு.

முதல் கிழமை சொல்ல ஒன்றும் இல்லை. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம், காலில் பாட்டா செருப்பு. குளக்கட்டின் மேல் போட்டிருந்த கிறவல் கல் ஒவ்வொன்றும் செருப்புக்குள் ஏறியது. ஒரு கிலோமீட்டரில் திரும்பினேன். இடது குதிக்காலில் கொப்புளம்.

இரண்டாம் கிழமை கன்வஸ் சப்பாத்து. வெயிலுக்குப் பயந்து விடியமுன்னமே போய்விட்டோம். இருட்டு இன்னும் முழுதாய்க் கலையவில்லை. முந்நூறு மீட்டர் போயிருப்போம், கட்டின் நடுவில் யானை லத்தி. வலை எடுக்கப் போன ஒரு வயதானவர் துடுப்பின் நுனியால் அதைப் பிளந்தார். உள்ளே புல்லும் நாரும், நடுவில் விளாம்பழ ஓட்டுத் துண்டு. ஆவி பறந்தது.

"சூடு ஆறல்ல மனே. இப்பதான் அங்கால இறங்கியிருக்கு. கிறுகிப் போங்க."

"மறுகா எப்ப வரலாம், அப்பா?"

"வெளிச்சம் நல்லா விழட்டும். ஆறரைக்கு முன்ன இஞ்ச நிக்க ஒண்ணா."

கிறுகித் திரும்பினோம். கோடையில் தண்ணீர் வற்ற வற்றக் குளத்துப் படுக்கையில் பச்சைப் புல் முளைக்கும், அதைத் தேடித்தான் யானை இறங்கி வருகிறது என்று வழியில் மச்சான் விளக்கினார். இதைக் காலையில் புறப்படமுன்னமே சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் கிழமை ஆறே முக்காலுக்குத் தொடங்கினேன். போக 2, வர 2, மொத்தம் 4 கிலோமீட்டர், 71 நிமிடம். நாலாம் கிழமை 66. மூச்சு வாங்கவில்லை, முழங்காலும் முனகவில்லை. குளத்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை மறிக்கும் கட்டின் உச்சியும் ஒரே மட்டமாய்த்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளமான இடத்தால் தண்ணீர் வழிந்து கட்டையே அறுத்துவிடும். ஆகவே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. என்னைப்போல முழங்கால்காரருக்கு இதைவிட லேசான வழி கிடையாது.

கஷ்டம் காலில் இல்லை, மணிக்கூட்டில்தான். கட்டின் மேல் பெரிய மரம் வளரவிடுவதில்லை, வேர் உள்ளே போனால் நீர் கசியும். மருதமரங்கள் வயல் பக்கத்துக் கட்டடியில்தான் நிற்கின்றன. சூரியன் அந்தப் பக்கத்தால் ஏறுவதால் ஏழரை மட்டும் அவற்றின் நிழல் கட்டின் மேலே கிடக்கும். அதன்பிறகு நிழல் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிவில் இறங்கிப்போகும், நாம் வெயிலில் நிற்போம். ஆறரைக்கு முன் யானை, எட்டுக்குப் பின் வெயில். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் நமக்கு.

ஆறாம் கிழமை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. தண்ணீர் பக்கமிருந்து அடித்து என் தொப்பியைத் தூக்கி வயலுக்குள் போட்டது. இறங்கி எடுத்து வந்த நேரத்தில் மணி எட்டு. அன்றைய கணக்கு வெறும் 3 கிலோமீட்டர்.

எட்டாம் கிழமையை மறக்கமாட்டேன். தண்ணீர் நன்றாக வற்றி, பட்டமரக் கட்டைகள் வெளியே தெரிந்தன. ஒரு கட்டையில் பாம்புத்தாரா இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கீழே சேற்றில் நத்தைகுத்தி நாரை. அதன் சொண்டு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், கோணலாய்ப் பிறந்துவிட்டதோ என்று நினைப்போம். அது நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழ்ச்சொண்டின் நுனியை ஓட்டின் வாயை அடைக்கும் மூடிக்குள் செருகி, தலையை ஒருதரம் அசைத்தது. ஓடு உடையவில்லை. சதை மட்டும் வழுக்கி வந்தது. ஓடு அப்படியே மிதந்துபோனது. ஏழு நத்தை எண்ணினேன். அன்று நேரம் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை, மச்சான்தான் அப்பால் நின்று ஹோன் அடித்தார்.

டவுனில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்தக் குளத்துத் தண்ணீர்தான். வற்றிய கரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பல்லுத் தீட்டும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் மகனோடு இரண்டு நாள் சண்டை.

பத்தாம் கிழமை 4 கிலோமீட்டர், 53 நிமிடம், நாரைக்கு நின்ற நேரம் சேர்க்காமல். சீனி 150க்குக் கீழே இறங்கியிருக்கிறது. திரும்பும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்குவது வழக்கமாகிவிட்டது. தயிரில் ஊற்றும் இனிப்பான கித்துள் பாணி வாங்குவதில்லை, அதுவரைக்கும் நான் நேர்மையானவன்.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் கட்டுக் கிறவல் சேறாகிவிடும், பாட்டாவும் கன்வஸும் ஒன்றுதான். அதற்குள் தண்ணீர் திறந்துவிடும் துருசைத் தாண்டி அங்கால வளையும் இடம் மட்டும் ஒருதரம் போய்விட வேண்டும். மச்சானின் சைக்கிளுக்குப் பின் ரயர் மாற்ற வேண்டுமாம், வருகிற ஞாயிறு நிச்சயமில்லை.