தொண்ணூறாவது நிமிடம்

மார்ச் 3, 2022

நேற்று ஏழரை மணித்தியாலம் கரன்ட் இல்லை. மின்வெட்டுப் பட்டியலில் நான் தங்கியிருக்கும் போடிங் பகுதி ஒரு குழு, கேம்பஸ் இன்னொரு குழு, வீடு வேறொன்று. மூன்று பட்டியலையும் ஃபோனில் வைத்திருக்கிறேன். தேயிலைச் சாற்றில் பொலிபீனோலை அளக்க, ஃபோலின் என்ற இரசாயனத்தைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் சோடியம் காபனேற்று ஊற்றி, அப்புறம் 60 நிமிடம் சும்மா வைத்திருந்துதான் ஸ்பெக்ட்ரோ மெஷினில் 765 நனோமீற்றர் ஒளியில் வாசிக்க வேண்டும். இன்று 41ஆவது நிமிடத்தில் கரன்ட் போனது. 18 குழாய்களும் வரிசையாக நீலமாகிக்கொண்டு நிற்கின்றன, வாசிக்க மெஷின் இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணால் பார்க்கவே எது கூட, எது குறைவு என்று தெரிந்தது. ஆனால் அதை எழுத முடியாதே.

மார்ச் 5

முழுதும் கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். ஃபோலின் போத்தலில் கால்வாசிதான் இருக்கிறது.

மார்ச் 9

வரைபு போட்டேன். அளவு தெரிந்த கலிக் அமிலத்தை வைத்துப் போட்ட நியமக் கோடு அழகாக வந்திருக்கிறது, புள்ளிகள் கோட்டை விட்டு அசையவே இல்லை. சாம்பிள்கள்தான்.

0, 30, 60 நிமிடம் சரி. நொதிக்க நொதிக்கப் பொலிபீனோல் குறைய வேண்டும், குறைகிறது. 120, 150உம் சரி. 90 மட்டும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி 120க்கும் கீழே கிடக்கிறது. தேத்தண்ணிக்குப் பளபளப்புத் தரும் தியாஃபிளேவினிலும் அதே 90. அது ஏறி உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் ஏற்கனவே இறங்கிவிட்டிருக்கிறது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதே இடம். கை பிழையென்றால் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் அல்லவா விழும்?

ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கேகூட எழுத மனம் வரவில்லை.

மார்ச் 13, வீட்டில்

நேற்றுப் பின்னேரம் ரயிலில் வந்தேன். வட்டவளை தாண்டியதும் குளிர். சிங்கமலைச் சுரங்கம் முடிகிற இடத்தில் எப்போதும் போல நெஞ்சு லேசானது. அம்மா மாவு ரொட்டியும் கட்ட சம்பலும் வைத்திருந்தா. காஸ் இல்லாமல் விறகில்தான் எல்லாம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்து, விறகும் பொறுக்கிக்கொண்டு வந்து, அப்புறம் எனக்காக ரொட்டி தட்டியிருக்கிறா. உரம் நிற்பாட்டினதிலிருந்து கொழுந்து சரியாக இல்லையாம். எடை நிறையாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்களாம்.

அப்பாவுக்கு ஃபோனில் நியமக் குழாய்களின் படத்தைக் காட்டினேன், வெளிர் நீலத்திலிருந்து கடும் நீலம் வரை ஐந்து குழாய். கண்ணருகே வைத்து, தள்ளி வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, சாம்பத் தண்ணி மாதிரி இருக்கு."

நீலம் அப்பா, என்றேன். "தேயிலையில ஏது நீலம்" என்று சிரித்தார்.

கண்ணில் வெண்படலம் வந்து வில்லை மஞ்சளாகிவிட்டது. மஞ்சளாகத் தெரியும் பொருள் நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும், இது நாங்கள் ஸ்பெக்ட்ரோவில் படிக்கிற முதல் பாடம். உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூஷனில் நானே எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் கண்ணுக்குள் அந்தப் பாடம் நடந்துகொண்டிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். 29ஆம் திகதி ஒபரேஷன்.

மார்ச் 14

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் தேயிலை ஃபெக்டரியில் சாம்பிள் எடுத்த இரவு. ரோலரிலிருந்து வந்த இலையைப் பரப்பி வைத்து, அரை மணிக்கொரு தரம் ஒரு பிடி எடுத்து, உடனே கொதிநீர் ஆவியில் காட்ட வேண்டும். ஆவி பட்டால்தான் இலையை மாற்றிக்கொண்டிருக்கும் நொதியம் சாகும். பொலிபீனோல் ஒட்சிடேசு, நடுவில் செப்பு இருக்கிற நொதியம், ஒட்சிசன் இருக்கும்வரை வேலையை நிறுத்தாது. நொதித்தல் நொதித்தல் என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர நடப்பது ஒட்சியேற்றம்தான். ஃபெக்டரியில் அதை நிறுத்துவது டிரையர். என்னிடம் இருந்தது ஒரு சின்ன காஸ் அடுப்பு.

90ஆவது நிமிடத்தில் அடுப்பு அணைந்துவிட்டது. காஸ் முடிந்துபோயிற்று. வோச்சர் அண்ணன் ஓடிப்போய் மண்ணெண்ணெய் அடுப்பொன்று கொண்டுவருவதற்குள் கால் மணி போய்விட்டது. அந்தப் பிடியை அப்படியே பையில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன், பிறகு ஆவி காட்டலாம் என்று. பிறகு 120 வந்துவிட்டது, 150 வந்துவிட்டது. மற்ற ஐந்தையும் ஃபெக்டரி டிரையரில் காய வைத்தேன், அது மட்டும் ஈரமாகவே ஆய்வுகூட ஃபிரீஸருக்குப் போனது. குளிரில் நொதியம் சாகவில்லை, தூங்கியது. கரன்ட் போகப் போக ஃபிரீஸர் இளகியிருக்கிறது, அது எழும்பி வேலை செய்திருக்கிறது.

ஆய்வுக் கொப்பியில் நான் எழுதியிருப்பது: எல்லா மாதிரிகளும் ஆவியூட்டப்பட்டன. என் கையெழுத்து. திகதியும் போட்டிருக்கிறேன்.

மார்ச் 22

90ஐ எடுத்துவிட்டு வரைந்து பார்த்தேன். கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 29

ஒபரேஷன் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு, அவசரமானதைத் தவிர மற்றதெல்லாம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கடிதம் வருமாம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு விடியக்காலம் நாலு மணிக்கே கிளம்பி வந்திருந்தார். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படி எது என்று காலால் தடவிப் பார்த்து ஏறினார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 31

இன்று 13 மணித்தியாலம். நேற்று 10. ஃபிரீஸரைத் திறக்கவே இல்லை.

ஏப்ரல் 3

ஊரடங்கு. ஃபேஸ்புக், வட்ஸ்அப் எதுவும் இல்லை. போடிங் அக்கா அடுப்பில் விறகு வைத்துப் பருப்பு வேகவிட்டா, அந்தப் புகை உடுப்பெல்லாம். வாசம் வீட்டை நினைப்பூட்டியது.

இரவு முழுக்க ஒரே யோசனை. 90 என்ன பெரிய விஷயம் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். பெரிய விஷயம்தான். என் ஆய்வே அந்த இடத்தில்தான் இருக்கிறது. தியாஃபிளேவின் ஏறி ஏறி ஒரு உச்சிக்கு வந்து, அப்புறம் தியாருபிஜின் என்ற வேறொரு பொருளாக மாறி இறங்கும். உச்சியில் நிறுத்தினால் தேத்தண்ணியில் பளபளப்பும் உறைப்பும் இருக்கும், தாண்டினால் மந்தமாகிவிடும். அந்த உச்சி 60க்கும் 120க்கும் நடுவில் எங்கே என்று கேட்கத்தானே முதுமாணிக்கு வந்தேன். நடுவைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கத்தையும் கோட்டால் சேர்த்தால் அது நான் அளந்ததாகாது. நான் நினைத்துக்கொண்டதாகும்.

அப்பா 31 வருசம் ரோலர் பக்கம் நின்றவர். ஒரு பிடி இலையை அள்ளி மூக்கிடம் வைத்து "பச்ச வாசம் போகல, இன்னும் பத்து நிமிசம்" என்பாராம். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய முறை. அவர் ஒரு நாளும் முகராமல் முகர்ந்தேன் என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பால் மா இல்லை, வெறும் தேத்தண்ணி. தம்பி கொழும்பிலிருந்து வரவில்லை, காலிமுகத்திடல் போராட்டத்தில் நிற்கிறானாம். அம்மா கோயிலில் அவனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தா.

ஏப்ரல் 26

என் ஆய்வை மேற்பார்க்கும் மெடத்திடம் சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. கொப்பியைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன், இது உண்மையில்லை என்றேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனையை என்னிடம் தந்தார். "ஒரே கோடாக வெட்டு, அடியில் இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுது, இன்றைய திகதி போடு." எழுதினேன். கை நடுங்கிய எழுத்து, அப்படியே இருக்கட்டும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டும். ஆறு சாம்பிளையும்.

மே 10

நேற்றிலிருந்து ஊரடங்கு. பஸ் இல்லை. அம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை.

மே 24

ஃபெக்டரியில் டீசல் இல்லாமல் ஒன்றைவிட்டு ஒரு நாள்தான் ரோலர் ஓடுகிறதாம். எந்த நாள் என்று காலையில்தான் தெரியும். நான் கண்டியில் இருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் கொழுந்து ரோலுக்குப் போய்விடும். ஆய்வுக் கட்டுரை கொடுக்க மூன்று மாதம் நீட்டித் தந்திருக்கிறார்கள். கலிக் அமிலம் போதும். ஃபோலின் ஒரு செட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது, புதிதாக வாங்க விலை கேட்டால் இன்று சொல்லும் விலை இன்றைக்கு மட்டும் என்கிறார்கள். ஒரே செட். பிழை விட இடமில்லை.

ஜூன் 11

வீட்டுக்கே வந்துவிட்டேன். காத்திருப்பதை இங்கே இருந்து காத்திருக்கலாம்.

அப்பா முற்றத்தில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்க்கிறார். என்ன தெரியுது அப்பா என்றால், "மலை தெரியுது" என்கிறார். மலை அங்கே இருப்பது தெரிந்ததால் சொல்கிறார்.

ஜூன் 19

ஃபெக்டரி ஓடவில்லை. மழை.

ஜூன் 22

வோச்சர் அண்ணன் சொல்லி அனுப்பினார், வெள்ளி இரவு. இரண்டு அடுப்பு சேர்த்துவிட்டேன், ஒன்று மண்ணெண்ணெய், ஒன்று அம்மாவின் விறகடுப்புக்கு மூன்று கல்லும் காய்ந்த சவுக்கு விறகும். மண்ணெண்ணெய்க்கு அம்மா இரண்டு நாள் வரிசையில் நின்றா. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நன்றியுரையில் எழுதுவேன்.

ஜூன் 24, இரவு

ஃபெக்டரி. டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பாவும் வந்திருக்கிறார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார், உள்ளே வந்ததும் கையை எடுத்துவிட்டார். இங்கே அவருக்குக் கண் வேண்டாம். எந்த மெஷின் எங்கே என்று காலுக்குத் தெரிகிறது.

0, 30, 60 எடுத்தாயிற்று. மூன்றுக்கும் ஆவி காட்டினேன், ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதியிருக்கிறேன், அண்ணனிடம் பக்கத்தில் கையெழுத்தும் வாங்கினேன். அப்பா இலையை முகர்ந்து பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் சொல்லிவிட்டால் என் மனம் அந்தப் பக்கம் சாயும்.

இரண்டு அடுப்பும் எரிகிறது. 90க்கு இன்னும் 11 நிமிடம்.

ஜூன் 28

ஆறு சாம்பிளும் காய்ந்து, பொட்டலமாகி, அம்மாவின் தகரப் பெட்டிக்குள். 10ஆம் திகதி வரை அவசர வேலைகளுக்குத் தவிர எண்ணெய் இல்லையாம். கண்டிக்கு எப்படிப் போவது?

ஜூலை 2

அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. 12ஆம் திகதி, காலை 7 மணி.