ட்ரூபார் சிலையும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டும்

காபிக்குக் காசு கொடுத்தபோது மீதிச் சில்லறையாக வந்த ஒரு யூரோ நாணயத்தில்தான் அந்தத் தாடிக்காரரை முதலில் பார்த்தேன். அலுவலக வேலையாக லூப்லியானாவுக்கு ஐந்து நாள் போயிருந்தேன். ஸ்லோவேனியாவின் தலைநகரம், ஆனால் ஊரில் மொத்தமே மூன்று லட்சம் பேர்தான். பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அமைதி பழகவே இரண்டு நாள் ஆனது. நாணயத்தில் இருப்பது யார் என்று கடையில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "ட்ரூபார். எங்கள் மொழியில் முதல் புத்தகம் அவர் போட்டதுதான்" என்றார். கூட இன்னொன்றும் சொன்னார், அவருக்குச் சிலை இருக்கிறது, டிவோலி பூங்காவுக்குப் போகும் வழியில், நடந்தே போய்விடலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நல்ல மூடுபனி. நவீன கலைக்கூடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு பூங்கா, அதற்குள் வெள்ளைப் பளிங்கில் நீண்ட அங்கியோடு உயரமாக நிற்கிறார் ப்ரீமோஷ் ட்ரூபார். பிரான்ட்ஸ் பெர்னெகர் என்ற சிற்பி செதுக்கி 1910இல் திறந்த சிலை. சுற்றி ஒருவரும் இல்லை, நாயோடு நடந்த ஒரு பெரியவர் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனார். நான் அரைமணி நேரம் அங்கேயே நின்று ட்ரூபாரைப் பற்றி ஃபோனில் படித்துக்கொண்டிருந்தேன், விரல் விறைத்துப்போய்க் கையைக் கோட்டுக்குள் விட்டு விட்டுப் படித்தேன்.

1508இல் ராஷிட்சா என்ற கிராமத்தில் மாவு அரைக்கும் ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். பாதிரியார் ஆனார், லூப்லியானாவில் மக்கள் பேச்சிலேயே பிரசங்கம் செய்தார், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லூத்தரின் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்தார். அதனால் 1548இல் ஜெர்மனிக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது. அங்கே இருந்துகொண்டுதான் 1550இல் இரண்டு புத்தகங்களை அச்சிட்டார். ஒன்று கிறித்தவப் போதனை நூல். இன்னொன்று ஒரு சின்ன அரிச்சுவடி. தன் பெயரைப் போடவில்லை, 'இல்லிரிய நாட்டுப்பற்றாளன்' என்ற பொருளில் ஒரு புனைபெயர், அச்சிட்ட ஊர்கூடப் பொய், தொலைவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அதற்கு முன் ஸ்லோவேனிய மொழியில் கையெழுத்து ஏடுகள் சில உண்டு, கிட்டத்தட்ட ஆயிரமாவது ஆண்டைச் சேர்ந்தவைகூட இருக்கின்றன. ஆனால் அச்சிட்ட புத்தகம் என்று ஒன்று கிடையாது.

என்னை நிறுத்தி வைத்தது அந்த அரிச்சுவடிதான். போதனை நூலை மட்டும் போட்டிருந்தால் அது ஒரு மதத் தலைவரின் வேலை. ஆனால் யார் படிப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். உழுகிறவனுக்கும் ஆலைக்காரனுக்கும் எழுத்தே தெரியாது, அதனால் எழுத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுவோம் என்று நினைத்த மனசு இருக்கிறதே, அதற்காகத்தான் அந்தச் சிலை என்று எனக்குத் தோன்றியது.

எந்த எழுத்து என்பதுகூட அப்போது முடிவாகவில்லை. முதலில் ஜெர்மன்காரர்களின் கோணல்மாணலான கோதிக் எழுத்தில் போட்டார், 1555இல் லத்தீன் எழுத்துக்கு மாறினார். அந்த மொழியில் இருக்கும் ஷ, ச்ச மாதிரி ஒலிகளுக்கு இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இன்று அவர்கள் எழுத்தின் தலைமேல் சின்னக் கொக்கி மாதிரி ஒரு குறி போடுகிறார்கள், அது 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. (இன்னொரு விஷயம், 'நாம் இரண்டு பேர்' என்பதற்கு அவர்களுக்குத் தனிச் சொல்லே இருக்கிறது. ஒருமை, பன்மை, நடுவே இருமை. நமக்கு நாம், நாங்கள் என்ற பிரிவு இருப்பது போல அவர்களுக்கு அது. கேட்டதிலிருந்து மறக்க முடியவில்லை.)

அப்புறம் நடந்தது கஷ்டமான கதை. 1561இல் லூப்லியானாவுக்குத் திரும்பினார், 1565இல் மறுபடியும் துரத்திவிட்டார்கள். புதிய ஏற்பாட்டைப் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து 1577இல் முடித்தார். 1584இல் யூரி டால்மாடின் முழு பைபிளையும், ஆதம் போஹோரிச் இலக்கண நூலையும் கொண்டுவந்தார்கள். 1586இல் ஜெர்மனியில் டூபிங்கன் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ட்ரூபார் இறந்துபோனார், சொந்த மண்ணில் இல்லை. அவர் போன பிறகு, 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூப்லியானாவிலேயே புராட்டஸ்டன்ட் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்துக் கொளுத்தினார்கள். டால்மாடினின் பைபிள் மட்டும் தப்பியது, கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கே அது தேவைப்பட்டதால். நாணயத்தில் அவர் முகத்தோடு "ஸ்டாட்டி இனு ஒப்ஸ்டாட்டி" என்று இருக்கிறது, அந்த 1550 நூலில் வரும் சொற்கள். நிற்பது, நிலைத்து நிற்பது.

அந்த ஆண்டுகளைப் படிக்கும்போது என் மனசு நம்ம பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் போதனை நூல் அச்சானது, ரோமன் எழுத்தில். 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம், தமிழ் எழுத்திலேயே. அதே வகை நூல், கிட்டத்தட்ட அதே காலம். நமக்கு அதற்கு முன்பே கல்லிலும் ஓலையிலும் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் எழுத்து இருந்தது, அந்த வித்தியாசம் பெரியது. இருந்தாலும் அந்தப் பனியில் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுதான்.

என் மகளுக்கு எட்டு வயசு. வீட்டில் நல்லாத் தமிழ் பேசுவாள், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் இந்தியும். என் அம்மாவுக்குக் கன்னடம் பேச்சு சரளமாக வரும், மார்க்கெட்டில் பேரம் பேசும் அளவுக்கு, ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். "ஆயா, எனக்கு வாளப்பளம் வேணும்." தமிழ்தான், ஆனால் கன்னட எழுத்தில். இன்றைய கன்னட எழுத்தில் ழ இல்லை, அதனால் ள போட்டுவிட்டாள். அம்மா அதன் முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். "இன்னாப்பா எழுதிக்கீது பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். ஒரே வீடு, ஒரே மொழி, பேத்தி எழுதியதை ஆயாவுக்கு நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. சிலைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. கன்னட எழுத்து மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் அதை அழகாக எழுதுகிறாள், இந்த ஊர் எங்களுக்குக் கொடுத்தது அது. தமிழ் எழுத்தை நான் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு என் அம்மா சமையலறைத் தரையில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து எழுத வைத்தார்.

திரும்பி வந்த ஞாயிறு மகளை அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்குக் கூட்டிப் போனேன். நான் ஒன்றாம் வகுப்புப் படித்த 1991இல் வைத்த சிலை, கன்னட அமைப்புகள் எதிர்த்துத் திறக்க விடாமல் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9இல் திறந்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு ஈடாக நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அம்மா அன்றைக்கு அழுதது நினைவிருக்கிறது. இதையெல்லாம் மகளிடம் சொன்னேன், ட்ரூபார் நாணயத்தையும் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரும் வள்ளுவர் மாதிரியாப்பா?" என்றாள். "இல்லை கண்ணு, இவர் உன்னை மாதிரிப் பிள்ளைங்களுக்கு அ, ஆ புத்தகம் போட்டவர்" என்றேன். "அப்போ எனக்கு?" என்றாள்.

வரும் வழியிலேயே இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்கினோம். தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம், பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்துகொள்கிறார். ழ முதல் வாரமே வந்துவிட்டது. இப்போது ர, ற இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம், அம்மா பழையபடி தட்டில் அரிசியைக் கொட்டிவிட்டார்.