சிக்ஸ் அடிச்சா அவுட்டாம்ல!

2020 டிசம்பர் 19, சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்திரேலியாவோட இந்தியா ஆடின அடிலெய்டு டெஸ்ட் மூணாவது நாள். கையில 62 ரன் லீடு இருக்கு, ஒரு விக்கெட் தான் போயிருக்கு, இன்னைக்கு பாரு நம்ம பசங்க போடுற போடுனு வீட்டம்மாகிட்ட சவடால் விட்டுட்டு இஞ்சி தட்டிப் போட்டு டீ வச்சு எடுத்துட்டு வந்து உக்காந்தேன். அந்த டீ ஆறுறதுக்குள்ள கதை முடிஞ்சுது. மொத்தமே 36 ரன். ஷமிக்கு கையில அடிபட்டு வெளிய போனதால 9 விக்கெட்டோட இன்னிங்ஸ் க்ளோஸ். அவங்க பவுலர் ஹேசல்வுட் 8 ரன் குடுத்து 5 விக்கெட்டு. ஒருத்தன் கூட ரெட்டை இலக்கத்தைத் தொடல. ஊர்ல இருந்து அதுக்குள்ள வாட்ஸப்ல வந்துடுச்சு, 49204084041, "இது உங்க ஓடிபி, யாருக்கும் சொல்லாதீங்க"னு. ஒவ்வொருத்தன் அடிச்ச ரன்னையும் வரிசையா எழுதினா அப்படித்தான் வருது, நானும் எண்ணிப் பார்த்தேன்.

நாங்க இருக்கறது மெல்பர்ன்ல டாண்டினாங் பக்கம். பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா, 74 வயசு. இங்க சின்னப் புள்ளைல இருந்து எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, எனக்கு என்னவோ வாயே வராது, அதனால இத்தனை வருஷமா "மேட்"னே (நம்ம ஊரு "நண்பா" மாதிரி) சொல்லி ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி வேலி ஓரமா வந்து நின்னு தலையை நீட்டி, "டிவி ரிப்பேரா? இங்க 36னு காட்டுது"ன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான்லாம் மதுரைல தெருவுல ஆடினவன், நான் இருந்திருந்தாலே இதுக்கு மேல அடிச்சிருப்பேன்"னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். "அப்ப கிறிஸ்துமஸுக்கு வா, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி மேட்ச் இருக்கு"ன்னுட்டார்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு போனோம். பின்பக்கம் புல்வெளி, பச்சை மூடி போட்ட குப்பைத் தொட்டி தான் ஸ்டம்ப், அந்தப் பக்கம் பீர் வச்சிருந்த ஐஸ் பெட்டி. நடுவுல துணி காயப் போடுற கொடை மாதிரி சுத்துற கம்பி. டென்னிஸ் பால்ல ஒரு பாதிக்கு மட்டும் எலக்ட்ரிக் டேப் சுத்தி வச்சிருக்காங்க, அப்பத்தான் ஸ்விங் ஆகுமாம். கீப்பர் கிடையாது, எட்ஜ் வாங்கி பின்னாடி போனாலே கேட்ச்னு கணக்கு, அதுக்கு "எலக்ட்ரிக் விக்கி"னு பேரு. ஒரு பிட்ச் விழுந்து ஒத்தைக் கையில புடிச்சா அவுட். முதல் பால்ல அவுட் கிடையாது. அட, இது நம்ம தெரு ட்ரையல் பால் தானேன்னு எனக்கு ஒரே குஷி.

பவுலிங் தாத்தாவோட பேத்தி, 9 வயசு. முதல் பால் வளைஞ்சு வந்து டொம்முனு குப்பைத் தொட்டில மோதிச்சு. அவுட் இல்ல, ட்ரையல். தாத்தா பீரை வச்சுட்டு, "பிராட்மன் பவுரல்ல சின்னப் பையனா இருந்தப்ப தண்ணி டேங்க் அடிச்சுவத்துல கோல்ஃப் பாலை அடிச்சுத் திரும்பி வர்றதை வெறும் ஸ்டம்ப்பால அடிப்பாரு, உன் கையில முழு பேட்டே இருக்கு"ன்னார். ரோஷம் வந்துடுச்சு. அடுத்த பாலைக் கண்ணை மூடிட்டு ஒரு சுத்து சுத்தினேன் பாருங்க, நடு பேட்டுல பட்டு, துணிக் கம்பிக்கு மேல, எலுமிச்சை மரத்துக்கு மேல, பின்வீட்டு வேலிக்கு மேல போயே போச்சு. ரெண்டு கையையும் தூக்கிட்டு ஒரு ரவுண்டு வந்தேன். யாரும் கை தட்டல. பேத்தி மெதுவா நடந்து வந்து கையை நீட்டுது, வாழ்த்து சொல்லத்தான்னு நான் கை குடுக்கப் போறேன், அது பேட்டைப் புடுங்குது.

"சிக்ஸ் அண்ட் அவுட்."

வேலியத் தாண்டினா ஆறு ரன் உண்டு, ஆனா நீ அவுட்டு, பாலையும் நீதான் போய் எடுத்துட்டு வரணும். நான் எவ்வளவோ வாதாடினேன். அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்ணிட்டு, "கவலைப்படாதீங்க, அடிலெய்டுல உங்களை விட ஜாஸ்தி அடிச்சது ரெண்டு பேரு தான்"னு சொல்லுது. அகர்வால் 9, விஹாரி 8. கணக்கு சரிதான், அதான் கடுப்பு.

பின்வீட்டுக்காரர் யாருன்னே தெரியாது. ரோட்டைச் சுத்திப் போய் கதவைத் தட்டினா தலையில பேப்பர் கிரீடம் வச்சுக்கிட்டு வந்து நிக்கறார், என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் கேக்கல. உள்ள போய் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துட்டு வந்தார். உள்ள 11 டென்னிஸ் பாலு, ஒண்ணுல பாசி புடிச்சு முளைக்கற மாதிரி இருந்துச்சு. "எது உன்னுது?"ன்னார். பக்கெட்டோட வாங்கிட்டு வந்தேன்.

வந்ததுக்குப் பரிதாபப்பட்டு ரெண்டாவது சான்ஸ் குடுத்தாங்க. இந்தத் தடவை பவுலிங் பாட்டி. மடக்கு சேர்ல இருந்து எழுந்திரிக்கக்கூட இல்ல, கையில இருந்த கேக் தட்டை மடியில வச்சுட்டு தரையோட தரையா ஒரு உருட்டு. நான் அடிக்கறதா தடுக்கறதான்னு யோசிக்கறதுக்குள்ள பேட்டுக்கு அடியில புகுந்து தொட்டியைத் தொட்டுடுச்சு.

"இது அண்டர்ஆர்ம்! 1981ல டிரெவர் சாப்பல் போட்டப்பவே தடை பண்ணியாச்சு!"னு கத்தினேன். நியூசிலாந்துக்கு மேட்ச் டை ஆகக் கடைசி பால்ல 6 ரன் வேணும், கேப்டனா இருந்த அண்ணன் கிரெக் சொல்லி தம்பி உருட்டி விட, மெக்கெக்னி அதைத் தடுத்துட்டுக் கடுப்புல பேட்டைத் தூக்கி எறிஞ்சாரே, இதே மெல்பர்ன் கிரவுண்டு எம்சிஜில தான். தாத்தா அன்னைக்கு கிரவுண்ட்லயே இருந்தாராம். சாவகாசமா சொல்றார், "தடை எல்லாம் கிரவுண்டுக்கு. இது இவ வீடு."

வீட்டம்மா எங்கயோ பார்த்துக்கிட்டு சிரிக்கறா.

மறுநாள் அதே எம்சிஜில பாக்ஸிங் டே டெஸ்ட், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அடுத்த மேட்ச். கொரோனாவால ஒரு நாளைக்கு 30,000 பேருக்கு மேல விடல, எனக்கு எப்படியோ டிக்கெட் கிடைச்சிருந்தது, தாத்தாவும் பேத்தியும் கூட. ரிச்மண்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கறப்பவே, அந்தக் காலத்துல கிரவுண்டுல பே 13ங்கற பகுதி முன்னாடி ஆஸ்திரேலியா பவுலர் மெர்வ் ஹியூஸ் கையைக் காலை நீட்டி எக்சர்சைஸ் பண்ணினா கூட்டமே சேர்ந்து பண்ணுமே, அந்தக் கதைய ஆரம்பிச்ச தாத்தா சீட்டுல உக்கார்ற வரைக்கும் நிறுத்தல.

நான் நேத்து அவமானத்தை மனசுல வச்சுக்கிட்டு வாயத் திறக்காம சிப்ஸ் பொட்டலத்தோட உக்காந்திருந்தேன். ஆஸ்திரேலியா பேட்டிங். பர்ன்ஸ் டக். வேட் போனார். லஞ்சுக்கு முன்னாடியே அஸ்வின் போட்ட பால்ல ஸ்மித் லெக் கல்லில புஜாரா கையில! 0! சூடு சிப்ஸ் மொத்தமும் எகிறி முன் சீட்டுக்காரர் தொப்பில. அவர்கிட்ட சாரி சொல்லிக்கிட்டே திரும்பி, ஒரு வாரமா காத்திருந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தாத்தாவைப் பார்த்தேன்.

அவர் ஸ்கோர்போர்டைக் காட்டினார். 38 க்கு 3.

"உங்க மொத்த ஸ்கோரைத் தாண்டியாச்சு"ன்னுது பேத்தி.

29ம் தேதி நாம 8 விக்கெட்ல ஜெயிச்சோம், ரஹானே முதல் இன்னிங்ஸ்ல 112. விடுவேனா, ஒரு தட்டு நெறைய முறுக்கு எடுத்துக்கிட்டு நெஞ்சை நிமித்தி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பாட்டி தான் திறந்தாங்க. முறுக்கை வாங்கி ஒண்ணைக் கடிச்சுக்கிட்டே, "பின்பக்கம் வா, தொட்டி ரெடியா இருக்கு"ன்னாங்க.

தட்டை அப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.