மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா: ஒரு பாட ஆய்வின் நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கு இருக்கட்டும், அந்த மணிகள் எதில் கழிகின்றன? அரங்கில் உட்கார்ந்து புரொஜெக்டரைப் பார்த்து, வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை வகுப்பு பழைய வகுப்புதான். கேட்டது வகுப்புக்குள் போக வேண்டுமானால் செய்து பார்க்க வேண்டும், சொந்த வகுப்பில் கூட நின்று பார்த்துச் சொல்ல ஒரு சக ஆசிரியர் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்.

ஆகவே இந்த மாதம் பாட ஆய்வு. ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் 'ஜுக்யோ கென்க்யூ'தான் இது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவது, ஒருவர் நடத்த, மற்றவர்கள் குழந்தைகளைக் கவனிப்பது, உட்கார்ந்து பேசுவது, திருத்தி இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துவது.

குழுவில் நான்கு பேர். இரண்டு பேர் என்றால் அரட்டையாகிவிடும். ஏழு பேர் என்றால் வகுப்பில் நிற்க இடமிருக்காது.

ஜூலை 8, செவ்வாய்

'பின்னங்கள்' என்று எடுத்தால் கரை காணாது. ஐந்தாம் வகுப்புக்கு ஒரே கேள்வி: 1/3, 1/4, எது பெரியது?

மொழியிலேயே இரண்டு முள் இருக்கிறது. நாம் 'நான்கில் ஒன்று' என்று கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம். எழுதும்போது மேல் எண்ணிலிருந்து தொடங்குகிறோம். சொல்வதெழுதுதலாகக் கொடுத்தால் 4-ஐ மேலே போடும் பிள்ளைகள் உண்டு. அது கவனக்குறைவு அல்ல, காதில் விழுந்த வரிசை அது. அடுத்தது, கீழ் எண்ணுக்குப் 'பகுதி' என்று பெயர். வீட்டில் பகுதி என்றால் துண்டு. 'பகுதி பெரிதானால் பங்கு சிறிதாகும்' என்று சொல்லிப் பாருங்கள், குழந்தைக்கு அது என்னவாகக் கேட்கும்! இந்தப் பாடவேளையில் தொகுதி, பகுதி இரண்டு சொல்லும் வேண்டாம். 'மேல் எண்', 'கீழ் எண்' போதும்.

ஜூலை 11, வெள்ளி

தோசைப் படம் போட்டு விளக்குவது வழக்கம். வட்டத்தை நான்காக்குவது சுலபம். மூன்றாக்கப் பெரியவர்களுக்கே கை வராது. சமமில்லாத துண்டுகளை வைத்து எது பெரியது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

காகிதப் பட்டைதான் சரி. நீளம் 24 செ.மீ., அகலம் 3 செ.மீ. ஏன் 24? 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். மூன்றில் ஒன்று 8 செ.மீ., நான்கில் ஒன்று 6 செ.மீ.; வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு ஏ4 தாளில் 7 பட்டை கிடைக்கும். 32 பேருக்கு ஆளுக்கு மூன்று வீதம் 96 பட்டை, அதற்கு 14 தாள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். ஒன்று அரை செ.மீ. குறைந்தாலும் 'முழுசு' மாறிவிடும்.

மூன்றாக மடிப்பது நான்காக மடிப்பதைவிடக் கடினம். பாதி, பாதியின் பாதி என்று மடித்து நான்காக்கிவிட்டு முழிப்பார்கள். 8, 16 செ.மீ.யில் பென்சில் புள்ளி வைத்துக் கொடுக்கலாமா என்பதில் முக்கால் மணி நேரம் வாதம். முடிவு: மூன்றுக்கு மட்டும் புள்ளி, நான்குக்கு வேண்டாம்.

ஜூலை 15, செவ்வாய்

காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். விழா, பேச்சுப் போட்டி. இன்று பாடம் வைத்தால் பாதிப் பிள்ளைகள் மேடையில் இருப்பார்கள். எதிர்பார்ப்புத் தாள் மட்டும் எழுதினோம். குழந்தைகள் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே யூகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கேள்வியைத் தயார் செய்துகொள்வது.

'4 பெரிசு, அதனால 1/4 பெரிசு' என்றால்: ஒரு கடலைமிட்டாயை மூன்று பேர் பங்கு போடும்போது நீ சேர்ந்துகொள்வாயா, நான்கு பேர் பங்கு போடும்போதா? 'ரெண்டும் ஒரு துண்டுதானே, சமம்' என்றால்: இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வை. 'கீழ பெரிசுன்னா சின்னது' என்று டியூஷன் விதியை ஒப்பித்தால்: பட்டையில் காட்டு. கடைசி வகைதான் ஆபத்து, விடை சரியாக இருப்பதால் கடந்து போய்விடுவோம்.

40 நிமிடக் கணக்கு: அறிமுகம் 5, கேள்வி 2, தனியாக மடித்துப் பார்க்க 10, ஜோடியாகப் பேச 5, கரும்பலகையில் கூடிப் பேச 13, வெளியேறும் முன் ஒரு சீட்டு எழுத 5.

ஜூலை 17, வியாழன்

பாடம் நடந்தது. கவனிப்போர் மூவர், ஆளுக்கு நான்கு குழந்தைகள். கவனிக்க வேண்டியது ஆசிரியரை அல்ல. சுவரோரம் நிற்க வேண்டும், உதவக் கூடாது. இந்த விதிதான் முதலில் உடைகிறது. தப்பாக மடிக்கும் பிள்ளையைப் பார்த்தால் கை தானாக நீளும். குறிப்பில் 'ஆர்வமாக இருந்தார்கள்' என்று எழுதினால் பயனில்லை. '11:17, இரண்டு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்' என்று எழுத வேண்டும்.

அந்த 11:17 சிறுமிதான் இன்றைய பாடம். 6 செ.மீ. துண்டை 8 செ.மீ. துண்டின்மேல் வைத்தாள், ஓரம் சேர்த்தாள், நீட்டிக்கொண்டிருந்த பகுதியை நகத்தால் கீறினாள். 'இதுதான் பெரிசு' என்று பக்கத்துப் பையனுக்குச் சரியான துண்டைக் காட்டினாள். பிறகு சீட்டில் 1/4 > 1/3 என்று எழுதிக் கொடுத்தாள்.

கலந்துரையாடலை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது, நினைவு ஆறிவிடும். அன்று மாலையே 45 நிமிடம். நடத்தியவர் முதலில் பேசுவார். 'நல்லா இருந்துச்சு' தடை. திட்டம் நான்கு பேருடையது, ஆகவே குறையும் நான்கு பேருடையது. இதை விட்டால் கூட்டம் பள்ளி ஆய்வாளர் வருகையாக மாறிவிடும், அடுத்த முறை யாரும் வகுப்பைத் திறந்துவிட மாட்டார்கள்.

சிறுமியின் கை சொன்னதை ஏன் பென்சில் சொல்லவில்லை? 1/3, 1/4 என்ற எழுத்து கரும்பலகையில் மட்டுமே இருந்தது, அவள் பட்டையில் இல்லை. எதிர்பார்ப்புத் தாளில் இந்த வகையே கிடையாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துபோன பாடம்தான் ஆசிரியரை அலுக்க வைக்கிறது. ஊக்கப் பேச்சாளரை அழைத்து வந்தால் அந்த அலுப்பு மதியம்வரை விலகும். தன் யூகம் பொய்த்த ஆசிரியரோ அடுத்த வகுப்புக்குத் தானாகக் கிளம்புகிறார்.

ஜூலை 23, புதன்

பக்கத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில், வேறொருவர் நடத்த, இரண்டாம் முறை. மாற்றம் இரண்டே. ஒவ்வொரு துண்டிலும் குழந்தையே பின்னத்தை எழுத வேண்டும். எழுதும் வரிசையும் வாய் சொல்வதைப் போல: 'நான்கில்' என்றபடி கோடு போட்டு அதன் கீழே 4, 'ஒன்று' என்றபடி மேலே 1.

காத்திருப்பையும் அளந்தோம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிகூட காத்திருப்பதில்லை என்பது அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் கண்டது; மூன்று வினாடி பொறுத்தால் பதில் நீள்கிறது. மேசையில் மொபைலை வைத்து ஒலிப்பதிவு செய்தால் தெரிந்துவிடும். பொறுக்க ஒரு வழி: கேள்வி கேட்டதும் மனதுக்குள் 'அம்மா, ஆடு, இலை' என்று நிதானமாகச் சொல்லிக்கொள்வது.

ஜூலை 26, சனி

கோப்பில் சேர்ந்தவை: ஒரு பக்கத் திட்டம், திருத்திய எதிர்பார்ப்புத் தாள், கரும்பலகையின் புகைப்படம், நான்கு மாதிரிப் பட்டைகள். அதற்கு மேல் அறிக்கை வேண்டாம். அறிக்கை நீண்டால் ஆய்வு சுருங்கும்.

அடுத்த சுற்று 2/3, 3/4. டியூஷன் விதி இங்கே கவிழும்: கீழ் எண் பெரிதாக இருந்தும் 3/4தான் பெரியது. அதே 24 செ.மீ. பட்டையில் 16, 18. வித்தியாசம் முன்போலவே இரண்டு செ.மீ.தான், ஆனால் துண்டுகள் நீளம்; அந்த நீளத்தில் அது முன்போலப் பளிச்சென்று தெரியாது. மடிப்பதற்குப் பதில் வெட்டலாமா, பட்டையை 36 செ.மீ. ஆக்கலாமா? ஏ4 தாளில் 36 வராது. சார்ட் பேப்பர் வாங்க வேண்டும்.